ஒருத்தர் கொறையுது

“சாவு வீட்ல எவளாச்சும் ‘போயிட்டு வரேன்’னு சொல்லிட்டுக் கெளம்புவாளாடி?”

கரீமாக்கா இப்படிக் கேட்டபோது கேத்லீனுக்குக் காது மடல்வரை சூடு ஏறியது. புக்கிட் பெருவாங்கில் கல்லூரி மாணவர்களை நம்பிப் பிழைக்கும் ஜெராக்ஸ் கடை அது. கரீமாக்கா முதலாளி. கேத்லீன் கல்லாவுக்கும் மெஷினுக்கும் நடுவில் நிற்கும் வேலைக்காரப் பெண். படிவம் நான்கில், பதினாறு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள். வாய்மொழித் தேர்வுக்கு எழுந்து பேசச் சொன்னால் அவளுக்குத் தொண்டையில் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். ஒருநாள் சாத்திய கதவோடு வீட்டுக்கு வந்தவள், மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பிறகு யாரும் போகச் சொல்லவும் இல்லை.

கூட்டமில்லாத நேரத்தில் மூலைக் கணினியில் அவள் கதை தட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு ஒரு மாணவனின் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில் தன் கதையையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். பைண்டிங் போட உட்கார்ந்த கரீமாக்கா, மண்வள ஆராய்ச்சிக்கு நடுவே ஒரு ராஜா செத்துக் கிடப்பதைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள்.

ஆறு மலையை நோக்கி ஏறும் ஒரு நாடு. அதன் ராஜா இறந்துபோகிறார். தளபதிகளும் மந்திரிகளும் ஒவ்வொருவராக ராணியின் முன் வந்து, குனிந்து, “போய் வருகிறோம், அரசி” என்று விடைபெறுகிறார்கள்.

“சொல்லுடி. எந்த ஊர்ல சொல்வாங்க?”

கேத்லீன் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியாததா? அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் குடியிருந்த காலத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாதா படம் மாட்டிய வீடோ முருகன் படம் மாட்டிய வீடோ, இந்த வழக்கம் மட்டும் ஒன்றுதான். வருவார்கள், உட்காருவார்கள், அழுவார்கள். பிறகு எழுந்து, சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். இந்த மாதிரிக் காரியத்துக்கு மறுபடியும் வருகிறேன் என்று யார் சொல்வது? அவள் கால்களுக்கு அது தெரிந்திருந்தது. எழுதும்போது கைக்கு வரவில்லை.

“அது போவட்டும். அடுத்த பக்கத்துல இந்தாளு எழுந்திரிச்சு உட்கார்ந்துட்டாரே, அது எப்படி?”

“மூலிகைக்கா.”

“மூலிகையா! அப்போ இவ்ளோ பேரு அழுதது சும்மாவா?” கரீமாக்கா சிரித்தாள். ஆனால் தாளைக் கசக்கவில்லை. ஓரம் மடங்காமல் நீட்டினாள். “உன் கதையில யாருக்கும் எதுவும் ஆக மாட்டேங்குதுடி. ஞாயித்துக்கெழம பின்னால ரூம்ல என் தம்பி கூட்டாளிங்களோட உட்கார்ந்து கத்துறான்ல, அதுவும் ராஜா பூதம்னுதான். போய் உட்காரு. கடையில சும்மா நிக்கிறதுக்கு அது தேவல.”

அப்படித்தான் கேத்லீன் அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தாள் வெட்டும் பெரிய மேசை அது. ஞாயிறு மத்தியானம் கடையின் ஷட்டர் பாதி இறங்கியதும் அதைத் துடைத்து, நடுவில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைப்பார்கள். டின்னுக்குள் பகடைகள். கரீமாக்காவின் தம்பி நயீம் கதைக்காரன். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அவன் கதைக்குள் நடப்பார்கள். நயீம் ஓர் இடத்தைச் சொல்வான். சொல்லி முடித்ததும் எப்போதும் ஒரே கேள்விதான்: “என்னா பண்ணுவீங்க?” அவர்கள் சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். பெரிய எண் வந்தால் நடந்தது. சின்ன எண் வந்தால் கெட்டது. பகடையை எல்லார் கண்ணுக்கும் தெரிய மேசை நடுவில்தான் உருட்ட வேண்டும். விழுந்தது விழுந்ததுதான். நயீம் அதில் மட்டும் கறார்.

முதல் நாள் அவன் சொன்ன இடம் ஒரு மலையடிவாரம். பாதையை மறித்துக்கொண்டு ஒரு பூதம் படுத்துத் தூங்குகிறது. கேத்லீனாக இருந்தால் நாலு பக்கத்துக்கு வாள் சண்டை எழுதியிருப்பாள்.

“தூங்குறவன எழுப்பாதீங்கலா. பாவம், நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்திருப்பான்” என்றான் திலீபன். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கே அந்த ஷிஃப்டுதான்.

“நான் அதோட செருப்பத் திருடுறேன்” என்றாள் ஸ்டெஃபனி. அவள் ஆஸ்பத்திரித் தாதிமைப் படிப்புப் படிப்பவள். மேசையில் மட்டும் திருடி.

“எதுக்கும்மா உனக்கு அவ்ளோ பெரிய செருப்பு?”

“கெடைச்சா விடுவேனா?”

பகடை மூன்று காட்டியது. பூதம் விழித்துக்கொண்டது. செருப்பைக் காணாமல் ஓவென்று அழுதது. அன்றைக்கு மத்தியானம் முழுக்கக் கதை செருப்பின் பின்னாலேயே ஓடியது. கேத்லீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்குள் ஏதோ குடைந்துகொண்டே இருந்தது. அவள் எழுதிய நாட்டில் எவனும் செருப்புத் திருடியதில்லை. எவருக்கும் தூக்கம் வந்ததில்லை. பள்ளிச் சபைகூடலில் வரிசையாக நிற்கும் பிள்ளைகள் மாதிரி, அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து, வசனத்தைச் சொல்லிவிட்டு, வரிசைக்குத் திரும்பிப் போனார்கள்.

வீட்டுக்குப் போனதும் ராணியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். “ராஜா செத்துட்டாரு. என்னா பண்ணுவீங்க?” என்று ராணியையே கேட்டாள். கேட்டுவிட்டு எழுதாமல் காத்திருந்தாள். ராணி அழவில்லை. தானியக் களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். கேத்லீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தச் சாவியை அவள் யோசித்ததே இல்லை.

அதுமுதல் வாரா வாரம் மேசையில் ஒன்று கற்றுக்கொண்டு போய் வீட்டில் ஒன்றை அடித்து எழுதினாள். ராணி வளர்ந்தாள், மந்திரிகள் பொய் சொல்லப் பழகினார்கள், ஆற்றில் மீன்கூட வந்தது. ஆனால் அந்த ஒரு பக்கம் மட்டும் நகரவில்லை. ராஜாவைக் கிடத்துவாள், எல்லாரையும் அழவைப்பாள், கடைசியில் அவரை எழுப்பி உட்காரவைத்துவிடுவாள். எத்தனை முறை எழுதினாலும் அப்படித்தான். செத்தவரைச் செத்தவராக விட்டுவைக்க அவளால் முடியவில்லை. அந்தப் பக்கத்தைத் தாண்டாமல் கதை மேலே போகாது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மேசையில் அவள் எடுத்துக்கொண்ட வேடம் காட்டில் வழிகாட்டும் ஓர் ஊமைப் பெண். ஊமை என்றால் பேச வேண்டியதில்லை அல்லவா? கையால் காட்டினால் போதும். அதிலும் ஒரு கெடுதல் இருந்தது. பேசாத ஆளைக் கூட இருப்பவர்கள் மறந்துவிடுவார்கள்.

திலீபனின் வேடம் ஒரு கிழட்டு ஓடக்காரர். மற்றவர்களெல்லாம் வீரர்களும் மாயக்காரர்களுமாக இருக்க ஆசைப்படும்போது, இருபத்தேழு வயதுக்காரன் ஏன் தோளில் துண்டு போட்ட கிழவரை எடுத்துக்கொண்டான் என்று முதலில் அவளுக்கு விளங்கவில்லை. படகில் நின்றுகொண்டு வருபவர்களை ஓடக்காரர் திட்டுவார். கரையை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டு எண்ணுவார். ஒருநாள் சந்தையில் கலவரம் மூண்டு எல்லாரும் ஓடி வந்து படகில் ஏறிவிட்டார்கள். நயீமே படகு கிளம்பியது என்று சொல்லிவிட்டான்.

“பொறு, பொறு. கெளம்பல” என்றான் திலீபன். குரலைத் தழைத்துக் கிழவரின் குரலில் சொன்னான். “ஒருத்தர் கொறையுது.”

“யாருலா கொறையுது? எல்லாரும் இருக்கோம்” என்றாள் ஸ்டெஃபனி.

“ஊமைப் புள்ளயக் காணோம். படகத் திருப்பு.”

கேத்லீன் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வார்த்தையை அவள் இதற்குமுன் கேட்டிருக்கிறாள். இதே இழுப்போடு, இதே கனத்த தொண்டையில்.

தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் பஸ்ஸை, தோளில் துண்டோடு, பிச்சைமுத்து அங்கிள்தான் ஓட்டினார். மத்தியானம் திரும்பும்போது கண்ணாடியைத் திருப்பிவைத்துத் தலைகளை எண்ணுவார். ஒருநாள் கேத்லீன் நூல்நிலையத்தில் அலமாரிக்குப் பின்னால் படித்தபடியே தூங்கிப்போனாள். கூட இருந்த எந்தப் பிள்ளைக்கும் அவள் நினைவு வரவில்லை. அவர்தான், “ஒருத்தர் கொறையுது” என்று எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, ஒவ்வோர் அறையாகத் தேடி, அவளை எழுப்பிக் கூட்டிப்போனார். திட்டவில்லை. “என்னாம்மா, புஸ்தகத்துக்குள்ளயே குடி போயிட்டியா?” என்றார்.

குரலையும் முகச் சாயலையும் சேர்த்துப் பார்த்தபோது, திலீபன் அவருடைய மகன் என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டாளா? கேட்கவில்லை. தொண்டைக் கதவு அவளுக்கு அவ்வளவு சுலபத்தில் திறக்காது.

திலீபனிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அவன் விடைபெறுவது ஒரு பெரிய காரியம். ஆட்டம் முடிந்ததும், “சரி, வரேன்லா” என்பான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, “வரேன் கரீமாக்கா.” ஷட்டருக்கு அடியில் குனிந்து, கேத்லீனைப் பார்த்து, “தங்கச்சி, வரேன்.” மோட்டார் சைக்கிளைக் கிளப்பிய பிறகும் சத்தத்துக்கு மேலே ஒருமுறை, “வரேன்லா!”

“போய்த் தொலையேன்டா” என்று கரீமாக்கா உள்ளிருந்து கத்துவாள். அதைக் கேட்டால்தான் அவன் போவான்.

அடுத்த வருடம் நயீமுக்குக் கூலிமில் வேலை கிடைத்தது. கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின்னைக் கேத்லீன் பக்கம் தள்ளிவைத்தான்.

“நானா? எனக்குப் பேசவே வராது.”

“நீதான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்க. அந்தப் பூதத்தோட பேரு எனக்கே மறந்துபோச்சு, நீ சொன்ன. நீ எடுக்கலன்னா இதோட முடிஞ்சிச்சு.”

“முடிஞ்சா நல்லதுதான். ரூம்ல இன்னொரு மெஷின் போட்டுக்குவேன்” என்றாள் கரீமாக்கா. சொன்னவளே அடுத்த வாரம், ஆள் குறைகிறதே என்று, தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வேடம்? ஒரு பெண் தளபதி. எந்தக் கோட்டைக்குப் போனாலும் முதலில் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று விசாரிக்கும் தளபதி.

கேத்லீனின் குரல் முதலில் மெஷின் சத்தத்துக்குக்கூடத் தாங்கவில்லை. போகப் போகத் தாங்கியது. இடத்தைச் சொல்லிவிட்டு, “என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டால் போதும், மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள் என்பது தெரிந்தபிறகு பயம் கொஞ்சம் விலகியது. பள்ளியில் எழுந்து நின்றால் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இங்கே அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார்கள்.

மழைக்கால ஞாயிறு ஒன்றில் அது நடந்தது. கதையில் ஆறு பெருகி வந்தது. பின்னால் எதிரிப் படை. அக்கரைக்கு ஒரே ஒரு கயிறு. யாராவது இக்கரையில் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தால்தான் மற்றவர்கள் படகில் கடக்கலாம்.

“அப்பறம் பிடிக்கிறவரு எப்படிக் கடக்கிறது?” என்றாள் ஸ்டெஃபனி.

“அத அவரு பார்த்துக்குவாரு” என்றான் திலீபன். துண்டை இடுப்பில் கட்டுவது மாதிரி கையை வைத்தான். “ஏறுங்க. ஒவ்வொருத்தரா. நிக்காத, நிக்காத, ஒக்காந்து போ.”

ஒவ்வொருவராக ஏறிக் கடந்தார்கள். கடைசியில் ஓடக்காரருக்காக அவன் பகடையை உருட்டினான். அது மேசை விளிம்புவரை ஓடி, தயங்கி, நின்றது.

இரண்டு.

கேத்லீன் பகடையையே பார்த்தாள். அவள் கண்ணுக்கு அந்தத் துண்டும், திருப்பிவைத்த கண்ணாடியும், அதில் தெரிந்த இரண்டு கண்களும் வந்து நின்றன.

“கயிறு... கயிறு அறுந்துபோச்சு. ஆனா ஒரு பெரிய அலை வந்து அவரத் தூக்கிக் கரையில போட்டுடுச்சு. கண்ணு முழிச்சிட்டாரு” என்றாள்.

ஸ்டெஃபனி மூச்சை விட்டாள். “அப்பாடா.”

“எவ்ளோ விழுந்துச்சு?” என்றான் திலீபன்.

“அண்ணே...”

“எவ்ளோன்னு கேட்டேன்.”

“ரெண்டு.”

“ரெண்டு விழுந்தா என்னான்னு உனக்குத் தெரியாதா?” சத்தமாகச் சொல்லவில்லை. சத்தக்காரன் தணிந்து பேசினால் அது இன்னும் மோசம். “அவரு தெரிஞ்சேதான் நின்னாரு தங்கச்சி. பிடிச்ச கயித்த விடல. நீ பாவம் பார்த்து, அவரு நின்னதையே ஒண்ணுமில்லாம ஆக்கிட்ட.”

“டேய், வெளையாட்டுதானடா” என்றாள் கரீமாக்கா.

“ஆமாக்கா. வெளையாட்டுதான்.” ஹெல்மெட்டை எடுத்தான். “அடுத்த வாரம் ஓவர்டைம் இருக்கும். வந்தா வரேன்.” அந்தக் கோபத்திலும் ஷட்டருக்கு அடியில் குனிந்தபோது, “சரி, வரேன்லா” என்ற பழக்கம் அவன் வாயை விட்டுப் போகவில்லை.

கேத்லீன் அன்று வீட்டுக்குப் போய் ராஜாவின் பக்கத்தைத் திறந்தாள், எழுதாமல் மூடினாள். மூலிகையும் அலையும் ஒன்றுதான் என்று அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் அது இரக்கம் என்று நினைத்திருந்தாள். செத்தவர் செய்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் இரக்கம்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, பஸ் ஓட்டுன பிச்சைமுத்து அங்கிள் செத்தப்ப நாம போனோமா?”

“எங்க போறது? எம்சிஓ நேரம், ஊரையே அடைச்சு வச்சிருந்தாங்க. ரோட்டுக்கு ரோடு போலீஸ். கொரோனான்னு ஆஸ்பத்திரியிலேருந்து பெட்டிய அப்படியே கொண்டு போயிட்டாங்க. மகன் ஜொகூர்ல கம்பெனி ஹாஸ்டல்ல அடைஞ்சு கெடந்தான். வீடியோல பார்த்தானாம்.” அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “தோட்டத்துப் புள்ளைங்க அத்தனையும் ஏத்திட்டுப் போன மனுஷன். வாசல்ல ஒரு செருப்புக் கெடக்கல.”

கேத்லீன் அந்த வாரம் முழுக்க அந்த வாசலை நினைத்தாள். மேசைக்கு என்ன கொண்டுபோவது? முதலில் ஓர் இரங்கல் உரை எழுதிப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. கிழித்துப் போட்டாள். அந்த மேசையில் அவள் எழுதி வைத்தது எதுவும் ஒருநாளும் நிலைத்ததில்லை. உட்கார்ந்திருப்பவர்கள் செய்ததுதான் நிலைத்தது. அவளால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று: ஒரு வீட்டைக் காட்டுவது. காட்டிவிட்டுக் கேட்பது.

ஞாயிறு வந்தது. கரீமாக்கா பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவந்த தேநீரை அவிழ்த்து ஊற்றினாள். ஸ்டெஃபனி நகம் கடித்தாள். ஷட்டருக்கு அடியில் திலீபனின் காலணி தெரிந்தது. அவன் ஹெல்மெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், எந்நேரமும் எழுந்து போய்விடுகிறவன் மாதிரி.

கேத்லீன் பகடையை எடுத்து டின்னுக்குள் போட்டு மூடினாள்.

“கயிறு அறுந்துச்சு. அலை ஒண்ணும் வரல. ஓடக்காரர் கரைக்கு வரல” என்றாள். நிறுத்தவில்லை. “இது அவரோட வீடு. ஆத்தோரமா, பலகை வீடு. வாசல்ல பெஞ்சு போட்டிருக்கு. உள்ள விளக்கு எரியுது. அவரோட துண்டு ஆணியில தொங்குது. நீங்க வந்திருக்கீங்க. என்ன பண்ணுவீங்க?”

தெருவில் ஒரு லாரி போயிற்று.

“தளபதி வாள வெளியிலயே வச்சிடுவா” என்றாள் கரீமாக்கா. யோசித்து, முட்டாக்கைச் சரிசெய்துகொண்டாள். “உள்ள போக மாட்டா. அழத் தெரியாது அவளுக்கு. பெஞ்சுல ஆம்பளைங்களோட ஒக்காந்து, தேத்தண்ணி எல்லாருக்கும் வந்துச்சான்னு பார்ப்பா.”

“நான் பின்னால போறேன்” என்றாள் ஸ்டெஃபனி. “கிளாஸ் கழுவுறேன். வர்றவங்களுக்குப் பத்தாதுல்ல.” சற்றுப் பொறுத்து, “ஒண்ணுகூடத் திருட மாட்டேன்” என்றாள்.

திருடி அப்படிச் சொல்வாள் என்று கேத்லீன் ஆயிரம் வருடம் உட்கார்ந்து எழுதினாலும் எழுதியிருக்க மாட்டாள்.

பிறகு அவள் திலீபன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, ஓடக்காரருக்கு ஒரு மகன் இருக்கான். அக்கரையில வேலை. வெள்ளம் வந்து வழி அடைச்சிருந்துச்சு. இன்னிக்குத்தான் வர முடிஞ்சுது. அந்த மகன் நீங்க.”

திலீபன் ஹெல்மெட்டின் கண்ணாடியை ஏற்றி இறக்கினான்.

“வாசலுக்கு வந்துட்டீங்க. உள்ள போக முடியல. கால் வைக்க எடமில்ல. அவ்வளவு செருப்பு.”

“செருப்பா?”

“சந்தைக்காரங்க செருப்பு. காட்டுக்காரங்க செருப்பு. சின்னப் புள்ளைங்க பள்ளிக்கூடச் சப்பாத்து நெறைய. ஓரமா ரொம்பப் பெருசா ஒரு ஜோடி, படகு மாதிரி.”

“பூதம் வந்திருக்கா?” என்றாள் ஸ்டெஃபனி மெல்ல.

“வந்திருக்கு. தலைய இடிச்சுக்காம குனிஞ்சு ஒக்காந்திருக்கு.”

திலீபனின் உதடு சிரிப்பதற்குப் போய்ப் பாதியில் நின்றது. “இவ்ளோ பேரா?” என்றான். “இவ்ளோ பேரு எப்படி வந்தாங்க? வழிதான் அடைச்சிருந்துச்சே.”

“வழி திறந்ததும் வந்துட்டாங்க. அவரு ஏத்திட்டுப் போனவங்க எல்லாரும்.”

கேத்லீன் இதுவரை கதைக்காரியாகப் பேசியவள். அடுத்ததை எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாமல் ஒரு கணம் தவித்தாள். பிறகு சொன்னாள்: “அந்த ஊமைப் பொண்ணும் வந்திருக்கா. மகன் கிட்ட வந்து நிக்கிறா. பேசுறா.”

“ஊமை பேசுறாளா?” என்றாள் கரீமாக்கா.

“பேசுறா.” மேசையின் கீறல்களைப் பார்த்தபடி சொன்னாள். “‘நான் ஒருநாள் அலமாரிக்குப் பின்னால தூங்கிட்டேன். எல்லாரும் ஏறிட்டாங்க. யாருக்கும் என் ஞாபகம் வரல. அவருதான் எண்ணிப் பார்த்துட்டு எறங்கி வந்தாரு. திட்டல. புஸ்தகத்துக்குள்ளயே குடி போயிட்டியான்னு கேட்டாரு.’”

அவர்களுடைய கதை நாட்டில் புத்தகமும் இல்லை, அலமாரியும் இல்லை. யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. திலீபன் அவள் முகத்தையே பார்த்தான். எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கேட்கவில்லை. ஹெல்மெட்டை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான்.

“மகன் உள்ள போறான்” என்றான். “செருப்பையெல்லாம் மிதிக்காம, தாண்டித் தாண்டிப் போறான். விளக்குப் பக்கத்துல ஒக்கார்றான்.” தொண்டையைச் செருமினான். “அப்பறம் எண்ணுறான்.”

வலது கை விரல் எழுந்தது. முதலில் கரீமாக்காவை, அடுத்து ஸ்டெஃபனியை, கேத்லீனை, பிறகு மேசையைச் சுற்றிலும் ஆளில்லாத இடங்களை, ஒவ்வொரு தலையாகத் தொடுவதுபோல அந்த விரல் நகர்ந்துகொண்டே போனது. நெடுநேரம் போனது. கடைசியில் சுவரோரமாக ஓரிடத்தில் நின்றது.

“ஒருத்தர் கொறையுது” என்றான்.

கிழவரின் குரல் அல்ல, அவனுடையது. ஸ்டெஃபனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேத்லீனின் வாய்வரை ஓர் அலை வந்தது, ஒரு மூலிகை வந்தது. இரண்டையும் அவள் விழுங்கினாள்.

“ஆமாண்ணே” என்றாள். “கொறையுது.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின. யாரும் தொடவில்லை, தேற்றவில்லை. ஆறிப்போன தேநீரைக் கரீமாக்கா அவன் பக்கம் மெதுவாக நகர்த்தி வைத்தாள். அவன் குடிக்கும்வரை காத்திருந்தாள்.

“பொழுது சாயுது” என்றாள் பிறகு, தளபதியின் குரலில். “தளபதி எழுந்திரிக்கிறா. வாள எடுத்துக்கிறா. போறா.”

“நானும். கிளாஸெல்லாம் கவுத்து வச்சிட்டேன். சரி, போயிட்டு வ...” ஸ்டெஃபனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கரீமாக்கா அவள் தொடையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

“ஒவ்வொருத்தரா எழுந்து போறாங்க” என்றாள் கேத்லீன். “பூதம் தன்னோட செருப்பத் தேடி எடுத்துக்குது. வாசல் காலியாகுது. விளக்கு எரியுது.”

அதற்குமேல் அவள் ஒன்றும் சேர்க்கவில்லை. ராணியின் அரண்மனை வாசலும் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது. தளபதிகளும் மந்திரிகளும் குனியாமல், பேசாமல், படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே ராஜா கிடந்தார். எழுந்திருக்கவில்லை.

திலீபன் எழுந்தான். பிஸ்கட் டின்னைத் திறந்து, போன வாரம் இரண்டு காட்டிய பகடையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளேயே போட்டு மூடினான். குனிந்து ஹெல்மெட்டை எடுத்தான். பழக்கதோஷத்தில் மூன்று பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். கரீமாக்கா எப்போதும் திருப்பிக் கத்துவதற்கு மூச்சை இழுத்து வைத்திருந்தாள்.

அவன் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனான். திரும்பிப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிள் கிளம்பியது, சந்து முனையில் ஒருமுறை தயங்கியது, பிறகு அந்தச் சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயிற்று.